பூக்கும் முன் கிளம்பியவள்

கார் கல்பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் திரும்பிய பிறகுதான் எங்கே போய்க்கொண்டிருக்கிறோம் என்பது தெல்மாவுக்கு உறைத்தது. அதுவரை பெரிலின் பேச்சுக்கு ‘ம்’ கொட்டியபடி சன்னல் வழியே ஆட்டுக்குட்டிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். புதிதாகப் போட்டிருந்த புறவழிச் சாலை ஊரை வேறு திசையிலிருந்து கொண்டுவந்து காட்டியதில், வென்ஃபோர்டின் தேவாலயக் கோபுரம்கூட அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பாலம் தெரிந்தது. அதன் பக்கச் சுவரில் எப்போதோ லாரி இடித்து உடைந்த மூலையை இன்றுவரை யாரும் பூசவில்லை. பாலத்துக்கு அப்பால் இரண்டு பக்கமும் வேலிச்செடி அடைத்த ஒற்றைத் தடம். அந்தத் தடத்தில் மழையிலும் பனியிலும் பள்ளிச் சமையல்கட்டு வேலைக்கு எத்தனை வருஷம் சைக்கிள் மிதித்திருப்பாள்!

"பெரில், எந்தத் தோட்டம்னு சொன்ன?"

"சொல்லவே இல்லையே. சொன்னா ஏதாவது சாக்கு கண்டுபிடிப்ப. ஆப்பிள்யார்டுன்னு ஒரு வீடுடி. வசந்தத்துல ஒரே ஒரு நாள் ஊருக்குத் திறந்து விடுவாங்களாம். போன தடவை போன எங்க சர்ச் ஆளுங்க பூவைப் பத்திப் பேசறாங்களோ இல்லையோ, அங்க குடுத்த எலுமிச்சை கேக்கைப் பத்தி இன்னும் பேசறாங்க."

ஆப்பிள்யார்டு என்று ஒரு வீடு அந்தத் தடத்தில் கிடையாது. அந்தத் தடத்தில் இருந்ததே ஒரு வீடுதான். தெல்மாவின் காலத்தில் அதற்கு மில் வீடு என்று பேர்.

இப்போதே சொல்லிவிடலாம், காரைத் திருப்பச் சொல்லலாம். பெரில் பக்கத்து வீட்டுக்குக் குடிவந்து மூன்று வருஷம் ஆகிறது. தெல்மாவுக்கு ஒரு காலத்தில் கல்யாணம் ஆகியிருந்தது, அது ஒத்துவரவில்லை என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அதற்கு மேல் தோண்டிக் கேட்க பெரில் ஆசைப்படாமல் இல்லை. தெல்மாதான் இடம் கொடுக்கவில்லை. இப்போது வாயைத் திறந்தால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியிருக்கும். யோசித்துக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் சட்டை போட்ட ஒருவர் கையை ஆட்டி காரைப் பக்கத்து மேய்ச்சல் நிலத்துக்குள் ஓட்டச் சொன்னார். பெரில் ஓட்டிவிட்டாள். பின்னால் இன்னும் இரண்டு கார்கள் வந்து வழியை அடைத்துக்கொண்டன.

இறங்கும்போது தெல்மா கார்க் கண்ணாடியில் தன்னைப் பார்த்துக்கொண்டாள். நாயைக் கூட்டிக்கொண்டு போகும்போது போடுகிற பழைய மழைக்கோட்டு. தலைமுடியை வெட்டி இரண்டு மாசமாகிறது. இருபத்தாறு வருஷம் கழித்து முன்னாள் புருஷன் எதிரே போய் நிற்கிறவள் இந்தக் கோலத்திலா வருவாள்! டெஸ்மண்ட் நிச்சயம் வாசலில் நிற்பான், வருகிறவர்களை எல்லாம் தோளில் தட்டி வரவேற்றுக்கொண்டு. வேறு யாரையும் அந்த இடத்தில் நிற்க விடமாட்டான்.

டெஸ்மண்ட் டிராக்டர் மெக்கானிக். ஆனால் அது அவன் தொழில் மட்டும்தான். அவன் வேலை ஊராருக்காக ஓடுவது. யாருடைய கன்றுக்குட்டி சாக்கடையில் விழுந்தாலும், எந்தக் கிழவியின் வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் அணைந்து போனாலும் மில் வீட்டுத் தொலைபேசிதான் மணியடிக்கும். அவன் தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்து போவான். ஊரில் எல்லோரிடமும் நின்று நின்று பேசுகிறவன் வீட்டுக்கு வரும்போது பேச்சைத் தீர்த்துவிட்டுத்தான் வருவான். குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை, வேறு பெண் இல்லை. அதுதான் கஷ்டமே. ஏன் விட்டுவிட்டு வந்தாய் என்று அவளுடைய அக்கா கேட்டபோது, சொல்வதற்குக் காரணம் என்று ஒன்றும் இல்லை. "அவர் வீட்டுல இருக்கமாட்டேங்கறாரு" என்றாள். அக்கா அதை ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

கிளம்புவதற்கு முந்தின அக்டோபரில், நார்சிஸ் பூக்கிழங்கு ஒரு முழு மூட்டை வாங்கி வந்து பழத்தோட்டத்து ஆப்பிள் மரங்களுக்கு அடியில் நட்டாள். அந்தச் சாதியிலேயே கடைசியாகப் பூப்பது. வெள்ளை இதழும், நடுவில் சிவப்பு விளிம்பு கட்டிய சின்ன மஞ்சள் கண்ணுமாக இருக்கும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். ஆப்பிள் பூக்கும்போது கீழே இதுவும் பூத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசைப்பட்டுத்தான் முதுகு விட்டுப்போகக் குழி தோண்டினாள். ஆனால் ஜனவரியிலேயே தெரிந்துவிட்டது, இன்னொரு வசந்தம்வரை தாக்குப் பிடிக்க முடியாது என்று. காலைச் சாப்பாட்டின்போது சொன்னாள். ஆற்றில் வெள்ளம் வந்து யாருடைய டிராக்டரோ சேற்றில் மாட்டிக்கொண்டிருந்த நாள் அது. "சரி, சாயங்காலம் வந்து பேசலாம்" என்று டெஸ்மண்ட் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனான். அவள் சாயங்காலம்வரை இருக்கவில்லை.

வாசலில் டெஸ்மண்ட் இல்லை. ஒரு நெட்டையான பெண்மணி நின்றிருந்தாள். அறுபத்தைந்து இருக்கும்; ரப்பர் பூட்ஸ், காதில் முத்துத் தோடு, கை நகமெல்லாம் மண். "வாங்க, வாங்க. புல்லு ஈரமா இருக்கு, வழுக்கும். நாய்ங்க வரலாம், ஆனா டியூலிப் மேல காலைத் தூக்கக் கூடாது" என்று எல்லோரிடமும் அதையே புதிதாகச் சொல்வது போலச் சொன்னாள். பேர் ஹேஸல் என்று சட்டையில் ஒட்டியிருந்தது. டெஸ்மண்ட் மறுபடி கட்டிக்கொண்டான் என்பது எப்போதோ காதில் விழுந்த செய்தி. இவள்தான் போலிருக்கிறது. தெல்மா கோட்டுக் காலரை உயர்த்திக்கொண்டு, பெரிலின் முதுகுக்குப் பின்னால் ஒட்டியபடி உள்ளே நுழைந்தாள்.

குறை கண்டுபிடிக்க வேண்டும் என்றுதான் நடந்தாள். அதை அவளே பிறகு ஒத்துக்கொண்டாள். துணி காயப்போடுகிற கம்பம் இருந்த இடத்தில் இப்போது ஒரு நீளமான பாத்தி. அதில் குளிர்காலம் முழுக்க மண்ணுக்கடியில் கிடந்து வசந்தத்தில் தானே எழும் செடிகள் ஒன்றை ஒன்று தோளில் இடித்துக்கொண்டு நின்றன. நீலப் புள்ளியாகச் சின்னச் சின்னப் பூ; வளைந்த தண்டில் வரிசையாகத் தொங்கும் இளஞ்சிவப்பு இதயங்கள்; பெரணியின் சுருள் இன்னும் பிரியாமல் பூனைவால் மாதிரி. அவற்றுக்கு நடுவே கரும்பழுப்பு டியூலிப்கள் தலைதூக்கி நின்றன. அந்த டியூலிப் தெல்மா வைத்ததில்லை. ஆனால் ஓடை ஓரத்துச் சதுப்பில், கட்டம் போட்ட சேலையைக் கவிழ்த்தது போலத் தலைகுனிந்து நின்ற ஊதா மணிப்பூக்கள் அவள் வைத்தவை. அப்போது ஒரு கைப்பிடி இருந்தது. இப்போது ஓடைக்கரை நெடுக இறங்கிப் போயிருந்தது. நன்றாக வளர்ந்துவிட்ட பிள்ளைகளை அடுத்த வீட்டுக் கல்யாணத்தில் பார்ப்பது போல இருந்தது அவளுக்கு. கூப்பிடவும் முடியவில்லை, கண்ணை எடுக்கவும் முடியவில்லை.

"என்னடி, வாயே திறக்கமாட்டேங்கற? பிடிக்கலையா?" என்றாள் பெரில்.

"நல்லாத்தான் இருக்கு."

"நல்லாத்தான் இருக்காம்! உன்னைச் சொர்க்கத்துக்குக் கூட்டிட்டுப் போனாலும், கொஞ்சம் காத்து அடிக்குதுன்னுதான் சொல்லுவ."

டெஸ்மண்டின் குரல் எந்த வேலிக்குப் பின்னாலிருந்து கிளம்பும் என்று தெல்மா ஒவ்வொரு திருப்பத்திலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவனுடைய டிராக்டர் பட்டறையின் கதவு சாத்தியிருந்தது. அவன் இருந்தால் அது திறந்துதான் கிடக்கும். வந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஹேஸல் தோட்டத்தைச் சுற்றிக்காட்டக் கிளம்பினாள். கூட்டத்தில் இருந்த ஒரு வயசான மனிதர், தடியை ஊன்றி நின்று, "டெஸ்மண்ட் இல்லாம இந்தத் தோட்டத்துல நடக்கறது ஒரு மாதிரியா இருக்கு, ஹேஸல்" என்றார்.

"எனக்கும்தான்" என்றாள் ஹேஸல். "போன பிப்ரவரில போனாரு. பனிக்காலம் முடியட்டும், பூவைப் பாத்துட்டுப் போலாம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். அந்த மனுஷன் எப்ப எந்த இடத்துல நின்னு நிதானமா இருந்தாரு? யாரோ கூப்பிட்ட மாதிரி எழுந்து போயிட்டாரு."

எல்லோரும் மெல்லச் சிரித்தார்கள். அன்பானவரைப் பற்றிப் பேசும்போது சிரிக்கிற சிரிப்பு. தெல்மாவும் சிரித்தாள். அவனைப் பார்க்கப் பயந்து, கோட்டைப் பற்றியும் முடியைப் பற்றியும் கவலைப்பட்டு, வேலிக்கு வேலி ஒளிந்து நடந்த அரைமணி நேரத்தையும் அவன் இல்லாத தோட்டத்தில் நடந்திருக்கிறாள். அழுகை வரவில்லை. வந்தாலும் யார் என்று சொல்லிக்கொண்டு அழுவது? இங்கே அழுகிற உரிமை பூட்ஸ் போட்ட அந்த அம்மாளுக்கு. தெல்மா வெறும் பார்வையாளர், மேய்ச்சல் நிலத்தில் கார் நிறுத்தியவள். பக்கத்தில் இருந்த பேரி மரத்தின் பட்டையில் கையை ஊன்றிக்கொண்டாள். அதுவும் அவள் காலத்து மரம்தான்.

"முட்டி வலியா?" என்று பெரில் கிசுகிசுத்தாள். ஆமாம் என்று தலையாட்டினாள்.

கடைசியாகப் பழத்தோட்டத்துக்கு வந்தார்கள். மரவேலிக் கதவை ஹேஸல் திறந்ததும் முதலில் வாசனைதான் வந்தது. ஆப்பிள் மரங்கள் வெள்ளையும் ரோஜா நிறமுமாக மேலே நுரைத்து நிற்க, கீழே புல் தெரியாமல், மரத்துக்கு மரம் இடைவெளி தெரியாமல், அந்த வெள்ளைப் பூக்கள் நிறைந்து கிடந்தன. காற்றடிக்கும்போது ஆயிரம் சின்னக் கண்கள் ஒரே பக்கம் திரும்பிப் பார்த்தன. ஒரு மூட்டை இப்படி ஆகும் என்று யார் சொல்லியிருந்தாலும் தெல்மா நம்பியிருக்கமாட்டாள்.

"இதைப் பாராட்டினா நான் வாங்கிக்கமாட்டேன்" என்றாள் ஹேஸல். "இது என் வேலை இல்ல. எங்க வீட்டுக்காரரோட முதல் சம்சாரம் நட்டது. நட்டுட்டு, பூக்கறதுக்குள்ள அந்தம்மா கிளம்பிப் போயிட்டாங்க. எங்க வீட்டுக்காரரு இருக்காரே, வேற ஒரு செடிக்கு ஒரு குவளைத் தண்ணி ஊத்தினவர் இல்ல. ஆனா பூ முடிஞ்சப்புறம் இந்த இலையெல்லாம் மஞ்சளாகி, காஞ்சு, தானா படுக்கறவரைக்கும் புல்வெட்டி இந்தப் பக்கம் வரக்கூடாது. வேலிக் கதவுல குறுக்கே நிப்பாரு. இலைய வெட்டினா அடுத்த வருஷம் பூ வராது, அவ சொல்லியிருக்கா, அப்படிம்பாரு."

தெல்மா அப்படிச் சொன்னது உண்மைதான். அக்டோபரில், கை கழுவும்போது, செய்தித்தாளுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவனிடம் சொன்னாள். தாள் அசையக்கூட இல்லை. சுவரிடம் சொன்னதாகத்தான் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

"இந்தத் தோட்டத்தை விட்டுட்டா போனா?" என்று பெரிலின் குரல் கணீரென்று எழுந்தது. அவளுக்கு மெதுவாகப் பேச வராது. "என்ன முட்டாள் பொம்பளையா இருப்பா! நானா இருந்தா புருஷனைப் போகச் சொல்லிட்டு நான் இருந்திருப்பேன்!"

கூட்டம் சிரித்தது. ஹேஸலும் சிரித்தாள். தெல்மாவுக்கும் ஏதோ பொங்கி வந்தது. அது அழுகை என்று நினைத்து வாயைப் பொத்தினாள், ஆனால் வெளியே வந்தது சிரிப்பு. நிறுத்த முடியாத சிரிப்பு. கண்ணில் நீர் வழிய, பெரிலின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்:

"அந்த முட்டாள் நான்தான்டி."

கூட்டத்தில் சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. பெரிலின் முகம் முதலில் வெளுத்து, பிறகு காதுவரை சிவந்தது. தடி ஊன்றிய பெரியவர் தெல்மாவை உற்றுப் பார்த்து, "அட கடவுளே, ஸ்கூல் சமையல்கட்டு தெல்மா!" என்றார். ஹேஸல் பூக்களுக்கு நடுவே செதுக்கியிருந்த ஒற்றையடிப் பாதையில் எல்லோரையும் தாண்டி வந்து, தெல்மாவின் எதிரே நின்று, கையை நீட்டுவதா அணைப்பதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, அவளுடைய கோட்டுக் காலரை மடித்துச் சரிசெய்துவிட்டாள்.

"போயிடாதீங்க" என்றாள். "இவங்களையெல்லாம் அனுப்பிட்டு வரேன். போயிடாதீங்க, என்ன?"

மற்றவர்கள் கேக்கை முடித்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு மூவரும் சமையலறை மேசையில் உட்கார்ந்தார்கள். ஹேஸல் எலுமிச்சை கேக்கின் கடைசித் துண்டை யாருக்கும் தெரியாமல் எடுத்து வைத்திருந்தாள். அதைப் பெரிலின் முன்னால் வைத்தாள். பெரில் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே அதைச் சாப்பிட்டாள்.

"ஒண்ணு சொல்லணும்" என்றாள் ஹேஸல். "இங்க வந்த முதல் வசந்தத்துல எனக்கு வயிறு எரிஞ்சுது. வந்தவங்க எல்லாம் ‘தெல்மாவோட பூ, தெல்மாவோட பூ’ன்னு. ஒருநாள் அவர் இல்லாதப்ப மண்வெட்டிய எடுத்துக்கிட்டு நேரா போயிட்டேன், எல்லாத்தையும் வெட்டிக் கிளறிடணும்னு."

"அப்புறம்?"

"வாசனை அடிச்சுது. திரும்பி வந்துட்டேன்."

தெல்மா கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பினாள். கேட்க வேண்டும் என்று நினைத்தது வேறு. வாயில் வந்தது வேறு. "உங்ககிட்டயாவது உக்காந்து பேசுவாரா?"

"எங்க? நான் கூடவே வேன்ல ஏறிப் போயிடுவேன். கன்னுக்குட்டியத் தூக்கறப்ப அவர் தலைப்பக்கம், நான் வால்பக்கம். பேசறதெல்லாம் வேன்லதான்." ஹேஸல் கொஞ்சம் தயங்கினாள். "நீங்க போன அன்னிக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துட்டாராம். அந்த டிராக்டரைச் சேத்துலயே விட்டுட்டு. அது ஒண்ணுதான் அவர் பாதியில விட்ட வேலைன்னு ஊருல இன்னும் சொல்லுவாங்க. என்கிட்ட ஒரே ஒரு தடவைதான் சொன்னாரு. அதுவும் வேன்லதான்."

தெல்மா பேருந்து நிறுத்தத்தில் பெட்டியோடு நின்ற அந்த நண்பகலை நினைத்துப் பார்த்தாள். வீட்டை விட்டுக் கிளம்புவதற்குள் அவன் வந்திருந்தால் என்ன சொல்லியிருப்பான் என்று யோசித்தாள். ஒன்றும் சொல்லியிருக்கமாட்டான். கதவருகே சேற்றுப் பூட்ஸோடு நின்றிருப்பான். அவளும் ஒருவேளை போயிருப்பாள்தான். ஆனாலும் வந்திருக்கிறான். அவன் சாயங்காலம்தான் வீட்டுக்கு வந்திருப்பான் என்றே இருபத்தாறு வருஷமாக நினைத்துக்கொண்டிருந்துவிட்டாள்.

"வடக்கு மூலையில ஒரு பெரிய திட்டு" என்று ஹேஸல் பேச்சை மாற்றினாள். "ரெண்டு வருஷமா இலை மட்டும்தான் வருது, பூவே இல்ல. நான் என்ன உரம் போட்டும் அசையமாட்டேங்குது."

"உரம் வேண்டாம். மண்ணுக்குள்ள ஒண்ணு மேல ஒண்ணு நெருக்கிக்கிட்டிருக்கும். இலை காஞ்சதும் தோண்டி எடுத்து, பிரிச்சுப் பிரிச்சு நடணும்."

"அவ்வளவையும் நான் ஒருத்தியா எப்படிப் பிரிப்பேன்?"

"என்னைக் கேக்காதீங்க. எனக்கு முட்டி மடங்காது."

"எனக்கு முட்டி மடங்கும், இடுப்புதான் நிமிராது. ரெண்டு பேரையும் சேத்தா ஒரு ஆள் தேறும்."

"குழியை நான் தோண்டறேன்" என்றாள் பெரில், வாய் நிறையக் கேக்கோடு. "நான் பேசின பேச்சுக்கு அதுதான் தண்டனை. ஆனா அந்தப் புருஷனைப் பத்தி ரெண்டு பேரும் சண்டை போட்டீங்கன்னா மண்வெட்டிய அங்கயே போட்டுட்டு வந்துடுவேன்."

வருவேன் என்று தெல்மா சொல்லவில்லை. வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பெரில் காரை எடுக்கப் போனபோது, "அஞ்சு நிமிஷம்" என்று சொல்லிவிட்டுப் பழத்தோட்டத்துக்குத் திரும்பி நடந்தாள். வெயில் இறங்கிப் பூக்களின் மேல் சாய்வாகக் கிடந்தது. ஒரு மரத்தடியில் பூவில்லாத ஒரு சிறிய இடைவெளியைத் தேடி, மரத்தைப் பிடித்துக்கொண்டு, கோட்டு ஈரமாவதைப் பற்றிக் கவலைப்படாமல் மெல்ல மெல்லப் புல்லில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகுதான் பூக்கள் கண்ணுக்கு நேரே வந்தன. வாடிப்போன ஒன்றைக் கிள்ளி எறிந்தாள். பக்கத்தில் இன்னொன்று இருந்தது, அதையும். ஆப்பிள் இதழ்கள் ஒன்றிரண்டு மடியில் விழுந்தன.

தடத்திலிருந்து பெரிலின் ஹாரன் சத்தம் கேட்டது. எழப் பார்த்தாள், முடியவில்லை. இருந்த இடத்திலிருந்தே ஒரு கையை மட்டும் பூக்களுக்கு மேலே உயர்த்திக் காட்டினாள். வேலிக் கதவு கிறீச்சிட்டது. தண்டுகளின் ஊடாக ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ் தெரிந்தது. ஒரு பூவையும் மிதிக்காமல், காலை வைக்க இடம் பார்த்துப் பார்த்து, இரண்டு கையிலும் ஆவி பறக்கிற கோப்பைகளோடு அவளை நோக்கி வந்துகொண்டிருந்தது.